பழைய காரின் பிரேக்கை நாமே பார்ப்பது: பெடலிலிருந்து சக்கரம் வரை

மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ மாதிரியான கார்களை இன்னும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். என்ஜின் ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது, ஹெட்லைட் பல்பு போடுவது எல்லாம் தாங்களே செய்துகொள்வார்கள். பிரேக் என்று வந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவார்கள். அந்தத் தயக்கம் தப்பே இல்லை. பிளக்கைச் சரியாக மாட்டாவிட்டால் வண்டி ஓடாது. பிரேக்கைச் சரியாக மாட்டாவிட்டால் வண்டி நிற்காது.

ஆனாலும் இந்த வகைக் கார்களின் பிரேக் அமைப்பு கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடியது. முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு, அதை இருபக்கமும் கவ்வுவது பேட்), பின்னால் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம், அதை உள்ளிருந்து அழுத்துவது ஷூ), இடையில் மெல்லிய குழாய்களில் கொஞ்சம் பிரேக் ஆயில். பேட்டிலும் ஷூவிலும் உராய்ந்து தேயும் பகுதிதான் லைனிங். கம்ப்யூட்டர் கிடையாது, பெரும்பாலான வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. பேட் மாற்றும் கைவேலையை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எது எதனால் நடக்கிறது என்று தெரியாமல் மாற்றினால், முடித்த பிறகு வேலை சரியாக வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. பிரேக் வேலையில் முக்கியமே அந்தச் சரிபார்ப்புதான் என்று நான் நினைக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

வேகம் எங்கே போகிறது?

ஓடுகிற வண்டியை நிறுத்த வேண்டுமானால் அதன் வேகத்தில் இருக்கும் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். பிரேக் அதை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகிறது. 650 கிலோ எடையுள்ள சின்னக் காரில் ஆட்களும் சாமானும் ஏறியபின் மொத்தம் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அந்தக் காரை ஒரே ஒரு தடவை முழுசாக நிறுத்தினால் சுமார் 220 கிலோஜூல் வெப்பம் உண்டாகும். முக்கால் லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் சூடு அது. அடுப்பில் பல நிமிடம் ஆகும் அந்த வேலை பிரேக்கில் சில நொடிகளில் நடந்துவிடுகிறது. வேகம் 40 ஆக இருந்தால் வெப்பம் பாதியாகக் குறையாது, கால்வாசியாகக் குறைந்து 55 கிலோஜூலுக்கு வந்துவிடும். நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு விழும் அடியும் ஊருக்குள் விழும் அடியும் ஒன்றல்ல என்பதற்கு இதுதான் காரணம்.

மலை இறங்கும்போது கணக்கு இன்னும் மோசம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கு மேல். 900 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாற்பது தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இறங்கினால் அதில் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். மேல் கியரில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனையும் பேட் மீதும் லைனிங் மீதும்தான் விழும். அந்தப் பாதையில் பிரேக் பிடிக்காமல் போன விபத்துச் செய்திகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். பிரேக் அடித்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும். முன்சக்கரங்கள் அப்போது சாலையை அழுத்திப் பிடிப்பதால், இந்தச் சின்னக் கார்களில் நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் பிரேக்குகளே செய்கின்றன. சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் டிஸ்க் முன்னால் இருப்பதும், முன் பேட் சீக்கிரம் தேய்வதும் இதனால்தான். இன்னும் பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் நாலு சக்கரத்திலும் டிரம் இருந்தது. சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். டிஸ்க் சூடானால் தடித்து, பேட்டை நோக்கி வரும். நீண்ட இறக்கத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெடலில் நன்றாகவே தெரியும்.

கால் பலம் எப்படிப் பெருகுகிறது?

மூடிய இடத்தில் அடைபட்ட திரவத்தின் ஒரு முனையில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போய்ச் சேரும் என்பது பிரான்ஸைச் சேர்ந்த பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி. பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். அமெரிக்காவின் டியூசன்பெர்க் நிறுவனம் 1921-இல் இந்த விதியை வைத்து நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் அழுத்த பிரேக் கொண்ட காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் அடிப்படை அதேதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். காலால் 15 கிலோ எடைக்குச் சமமாக மிதிக்கிறீர்கள். பெடல் ஒரு நெம்புகோல். அது நாலு மடங்கு பெருக்கினால், ஆயிலை அழுத்திக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் 60 கிலோ விழும். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ., சக்கரத்தில் பேட்டைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ. என்றால் பரப்பு ஆறேகால் மடங்கு. ஆக, பேட்டின் மேல் 375 கிலோ. பூஸ்டர் இருக்கும் வண்டியில் என்ஜினின் வெற்றிடம் இதற்கும் மேலே கை கொடுக்கும்.

பலம் இலவசமாகக் கிடைப்பதில்லை, அதற்கு ஈடாகத் தூரத்தைக் கொடுக்க வேண்டும். இதே கணக்கில் ஒரு பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் நகர, பெடல் 25 மி.மீ. இறங்க வேண்டும். முன்னால் இரண்டு சக்கரம் என்பதால் 50 மி.மீ. பின்சக்கரங்களை இன்னும் சேர்க்கவே இல்லை. அப்படியென்றால் பேட்டுக்கும் டிஸ்குக்கும் இடையில் மில்லிமீட்டரில் சிறு பின்னம் அளவு இடைவெளிதான் இருக்க முடியும். எங்காவது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக ஆடினால் பெடல் பாதி தூரம் சும்மாவே போய்விடும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பிரேக் சம்பந்தமான முக்கால்வாசிப் புகார்களுக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

உதாரணமாக, குழாயில் காற்று. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். எங்காவது ஒரு குமிழி இருந்தால் கால் கொடுக்கும் தூரத்தை அது விழுங்கிவிடும். பெடல் மெத்தென்று உள்ளே போகும், சக்கரத்தில் பிடிப்பு வராது.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு சக்கரங்களைப் பார்த்துக்கொள்ளும். முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் குறுக்காக, அதாவது முன் இடதும் பின் வலதும் ஒரு சுற்று, மற்ற இரண்டும் இன்னொரு சுற்று. ஒன்றில் கசிந்தாலும் மற்றொன்று பிடிக்கும். மிகப் பழைய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே சுற்றுதான். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பிரேக் ஆயில் என்கிற திரவம்

நாம் ஆயில் என்று சொன்னாலும் இது என்ஜின் ஆயில் மாதிரியான பெட்ரோலியப் பொருள் இல்லை. கிளைகால் ஈதர் வகைத் திரவம். இதில் என்ஜின் ஆயிலோ, கிரீஸோ, டீசலோ ஒரு சொட்டு கலந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்துக் கெட்டுப்போகும். அப்படி ஆனால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டப்பாவைத் திறந்த நிமிடத்திலிருந்தே அது நடக்கும். டாட் 3 (டப்பா மேல் DOT 3 என்று போட்டிருக்கும் தர வகை) ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சுமார் 3.7 சதவீதம் ஏறிய பின் அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 வகையில் இவை 230, 155. சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில் பல வருடமாக மாற்றாத ஆயிலை வைத்துக்கொண்டு மலை இறங்கினால், காலிப்பரின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் சுருங்கும். பெடல் தரைக்குப் போய்விடும். கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பிரேக் திரும்ப வந்துவிடும், மெக்கானிக் பார்க்கும்போது குறையே தெரியாது.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுங்கள். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கோன், மற்ற இரண்டோடும் சேராது. டாட் 5.1 என்பது வேறு, அது கிளைகால் வகைதான். பெயரைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். எப்போதோ திறந்து வைத்த பாதி டப்பாவை உபயோகிக்காதீர்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அது விட்ட இடத்தை ஆயில் நிரப்பும், மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவில் மட்டம் இறங்கும். ஆகவே மட்டம் குறைந்திருப்பதே ஒரு தகவல். ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. காரணம் பார்க்காமல் மேலே ஊற்றி நிரப்புவது அந்தத் தகவலை அழிப்பதாகும்.

முன் சக்கரம்: டிஸ்க் பேட்

முதலில் பாதுகாப்பு. சமதளமான, கெட்டியான தரை வேண்டும். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அண்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி வண்டிக்குள் கை விடக் கூடாது, ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஸ்டாண்ட் வாங்க மனமில்லை என்றால் வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்கைக் கவ்விக்கொண்டிருக்கும் காலிப்பர் தெரியும். இந்தக் கார்களில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள்பக்கப் பேட்டைத் தள்ள, அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் கைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேட்டையும் இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். பழைய வண்டிகளில் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போய்ப் பின் இறுகியிருக்கும். உள்பக்கப் பேட் தேய்ந்து உலோகம் தெரிய, வெளிப்பக்கப் பேட் புதிதுபோல் இருந்தால் காரணம் இதுதான். பேட் மட்டும் மாற்றி அனுப்பினால் சில மாதத்தில் அதே கதை நடக்கும்.

கீழ் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே திருப்பலாம், அல்லது இரண்டு போல்ட்டையும் எடுத்துக் காலிப்பரை முழுசாகக் கழற்றலாம். கழற்றினால், அதற்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஒரு கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பேட்டின் லைனிங் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துப் பயனில்லை, புதிதுதான்.

புதுப் பேட் தடிமனாக இருக்கும், எனவே பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேட்டை அதன் மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாகத் தள்ளுங்கள். தள்ளும்போது ஆயில் திரும்பி மேலே ஏறும். யாராவது மேலே நிரப்பி வைத்திருந்தால் டப்பா வழிந்து பெயின்ட்டில் கொட்டும், ஆகவே முன்பே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிஸ்டன் நகராமல் அடம் பிடித்தால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். துரு ஏறியிருக்கலாம், அல்லது ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கலாம். வீங்கிய ஹோஸ் மிதிக்கும்போது ஆயிலை விடும், திரும்பி வர விடாது. அப்போது அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடாகும். வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். நிப்பிளை (காலிப்பரில் காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சின்னத் திருகு) திறந்ததும் பிஸ்டன் சுலபமாக உள்ளே போனால் சந்தேகம் ஹோஸ் மேல்தான்.

கைடு பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். டிஸ்கின் மேலும் பேட்டின் முகத்திலும் எண்ணெய்க் கை படக்கூடாது. போல்ட்டுகளை சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

இப்போது மிக முக்கியமான கட்டம். எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஆனால் பிஸ்டன் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முதல் மிதிக்குப் பெடல் நேராகத் தரைக்குப் போகும். வண்டியைக் கிளப்பும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை பாதி பாதியாகப் பல தடவை மிதித்து, ஆயில் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். இதை மறந்து கிளப்பினால் வண்டி முன்னால் நிற்கும் சுவரில்தான் போய் நிற்கும்.

பின் டிரம்

பின் பிரேக்கை யாரும் சீண்டுவதில்லை. கழற்றக் கஷ்டம், உள்ளே ஸ்பிரிங்குகளின் கூட்டம், தேய்மானமும் மெதுவாகத்தான். ஆனால் பழைய காரில் பெடல் கீழே இறங்கிவிட்டது என்ற புகாருக்கு முதல் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். டிஸ்க்கில் இடைவெளி தானாகவே சரியாகிவிடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வடிவ சீல் மிதிக்கும்போது கொஞ்சம் வளைந்து, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை அந்த அளவு மட்டும் பின்னால் இழுக்கும். டிரம்மில் ஷூ தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போகும், அட்ஜஸ்டரை வைத்துக் குறைக்க வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் இருக்கிற வண்டியிலும், பத்துப் பதினைந்து வருடத்தில் அது துருப்பிடித்து நின்றுபோயிருக்கும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். பின்னால் கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டர் இடைவெளியும் பெடலில் பல மடங்காகத் தெரியும். இதைக் காற்று என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஏர் எடுத்தால் ஆயில்தான் வீணாகும்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துத்தான் டிரம்மைக் கழற்ற வேண்டும். சில கார்களில் வீல் பேரிங் டிரம்மோடு சேர்ந்தே இருக்கும், நடுவில் உள்ள பெரிய நட்டைக் கழற்றினால்தான் வரும். வேறு சில டிரம்களில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும், அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடிக்க வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

திறந்ததும் உள்ளே கருந்தூசி அப்பியிருக்கும். ஊதாதீர்கள், காற்றடிக்கும் குழாயையும் காட்டாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் அப்படியே இருந்தால் எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம். போன் கையில் இருக்கிறதே, பிரிக்கும் முன் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்குகள் விருட்டென்று தெறிக்கும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

மேலே இருக்கும், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூ டிரைவர் நுனியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நல்லது. உள்ளிருந்து ஆயில் வழிந்தால் சீல் போயிற்று. வெளியே சொட்டாத காரணத்தால் இது கண்ணில் படாமலே இருந்திருக்கும். ரிப்பேர் கிட் போட்டும் ஓட்டலாம்தான். ஆனால் சிலிண்டரின் உள்சுவரில் துருக்குழி இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும். விலை அதிகமில்லாத பாகம் இது, முழு சிலிண்டரையே மாற்றுங்கள் என்பேன். ஆயில் ஊறிய ஷூவையும் மாற்றத்தான் வேண்டும், பெட்ரோலில் கழுவினாலும் உப்புத்தாள் போட்டாலும் ஊறியது போகாது.

புது ஷூவை மாட்டி டிரம்மைப் போட்டபின், சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். லேசாக உரசும் சத்தம் வந்ததும் கொஞ்சம் பின்வாங்குங்கள். இது முடிந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிள். பலர் ஷூ தேய்ந்ததை மறைக்க கேபிளை இழுத்து முடுக்கிவிடுகிறார்கள். டிரம்முக்குள் இருக்கும் ஹேண்ட் பிரேக் நெம்பு பாதி இழுத்த நிலையிலேயே நிற்பதால் அட்ஜஸ்டர் வேலை செய்யாமல் போய்விடுகிறது.

பாகங்கள் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா முதல் ரானே, சுந்தரம் வரை பிரேக்குக்கும் லைனிங்குக்கும் பெயர் போன கம்பெனிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. சென்னை ஜி.பி. ரோட்டில் பழைய கார்களுக்கான பேட், ஷூ, சிலிண்டர் எல்லாம் கிடைக்கும். பில் தரும் கடையில், சீல் உடையாத பெட்டியில் வாங்குங்கள். மற்ற சாமானைப் பழைய இரும்புக் கடையில் தேடலாம், பிரேக் சாமானை அங்கே தேடாதீர்கள்.

ஏர் எடுப்பது

குழாயையோ சிலிண்டரையோ திறந்திருந்தால், அல்லது ஆயில் மாற்றுவதாக இருந்தால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். நிப்பிளில் ஒரு ரிங் ஸ்பேனர், அதன் மேல் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூப், டியூபின் மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும்.

"மிதி" என்றதும் மெதுவாக மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்று பதில் வர வேண்டும். நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் பழுப்பு ஆயிலும் குமிழியும் டியூபில் ஓடும். ஓட்டம் நிற்கும் முன் மூடிவிட்டு "விடு" என்று சொல்லுங்கள். மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். வேகமாக டப் டப்பென்று மிதிப்பதால் பயனில்லை, குமிழி சிறு சிறு துளியாக உடைந்து வெளியே வர மறுக்கும். தெளிந்த ஆயில் குமிழியில்லாமல் வரும் வரை தொடருங்கள். நாலைந்து மிதிக்கு ஒரு தடவை டப்பாவை எட்டிப் பாருங்கள். அது வற்றினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று புகுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் சக்கரத்தில் தொடங்கிப் பக்கத்துச் சக்கரத்தில் முடிப்பது வழக்கம். குறுக்குச் சுற்றுள்ள வண்டிகளில் வரிசை மாறலாம், புத்தகத்தைப் பாருங்கள்.

பழைய வண்டிக்கென்று ஒரு எச்சரிக்கை. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதி தூரம்தான் போகும், மீதிப் பாதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால் சீல் அந்தக் கரடுமுரடான பகுதியில் உரசிக் கிழியும். நேற்று வரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்தபின் போய்விட்டது என்று சொல்வதற்குக் காரணம் பல நேரம் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும்.

நிப்பிள் துருவில் இறுகியிருந்தால் முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். முறிந்துவிட்டால் சின்ன வேலை பெரிய செலவாகும். வெளியே வந்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய என்ஜின் ஆயிலிலிருந்து தனியாக ஒரு பாட்டிலில் வையுங்கள்.

கிளம்பும் முன்

என்ஜினை அணைத்துவிட்டு, பெடலை அழுத்தமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கல் மாதிரி நின்றால் சரி. மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. நாலு சக்கரத்திலும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கிறது. இரண்டு மூன்று தடவை மிதித்தபின் பெடல் உயர்ந்தால், காற்று இருக்கிறது அல்லது பின் ஷூ இடைவெளி அதிகம். உயர்ந்த பெடல் கெட்டியாக இருந்தால் ஷூவைச் சந்தேகியுங்கள், மெத்தென்றே இருந்தால் காற்றை. பூஸ்டரைப் பார்க்க, என்ஜின் ஓடாமல் சில தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

இரும்புக் குழாயில் துரு செதில் செதிலாக வந்திருந்தால், ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஏர் போகவே மாட்டேன் என்றால், போல்ட் மரை தேய்ந்திருந்தால், அங்கே நிறுத்திக்கொண்டு அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், அவரை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும் அல்லது கட்டி இழுத்துப் போக வேண்டும்.

எல்லாம் சரியென்றால் முதல் ஓட்டம் தெருவுக்குள், நடை வேகத்தில். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு நிதானமாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு, மறுபடி அதேபோல் ஒரு பத்துத் தடவை செய்யுங்கள். பேட்டின் மேல்படலம் டிஸ்கோடு பொருந்த இது தேவை. முதல் இருநூறு கிலோமீட்டருக்கு அவசரம் இல்லாமல் ஓங்கி மிதிக்காதீர்கள், புதுப் பேட்டோடு மலைக்கும் போகாதீர்கள். ஓட்டி முடித்ததும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். இடதும் வலதும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிஸ்டனோ கைடு பின்னோ ஹோஸோ பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் சக்கரங்களின் உள்பக்கத்தையும் ஆயில் மட்டத்தையும் பாருங்கள், சக்கர நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.